படத்தின் இடது ஓரம்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஜமீன் வகையறா நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். குன்னத்துக்குக் கிழக்கே, வெங்காயக் காடும் பருத்திக் காடும் தாண்டி ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்தில் என்னை அந்த ஊருக்கு நர்ஸாகப் போட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாய் கொஞ்சம் நீளம். காத்தாயி எனக்குப் பழக்கமானது அங்கேதான்.

காத்தாயி ஜமீன் பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுபவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பங்களா என்றால் சும்மா இல்லை. முப்பது அறை, சுற்றிலும் தாழ்வாரம், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற தேக்குத் தூண்கள், முன்னால் ரோஜாப் பாத்தி, வரிசை வரிசையாய்க் குரோட்டன்ஸ், நடுவில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று. குடியிருக்கத்தான் ஒரு ஈ காக்கை கிடையாது. ஜமீன் குடும்பம் மெட்ராஸ் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கு மேனேஜர் இராமலிங்கம் ஒருவர், காத்தாயி ஒருத்தி. மேனேஜரும் சாயங்காலம் ஆனால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார். காத்தாயிக்குப் போக வீடு கிடையாது. புருஷன் போன பிறகு மோட்டார் கொட்டகையிலேயே அடுப்பு மூட்டி, அங்கேயே படுத்துக்கொள்வாள். பேச ஆளில்லாமல் செடிகளோடு பேசுவாள். "குடி, நல்லா குடி, யாரு கேக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் திருப்புவதை நானே கேட்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸில் நான் சுவரோடு பேசியதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரு தடவை காய்ச்சல் என்று வந்தாள். ஊசி போட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் எழுதுவதற்காக, "எத்தனை பிள்ளை பெத்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதாங்க. மலர்கொடி. ஒன்றர வயசுல வயித்தால போயி செத்துப்போச்சு."

"அது எப்ப?"

"சின்ன தொரைக்கு நான் பால் குடுத்துக்கிட்டு இருந்தப்ப."

அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. ஜமீன்தார் வீட்டு அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. பண்ணை ஆட்களில் யார் கைக்குழந்தைக்காரி என்று தேடிக் காத்தாயியைப் பிடித்தார்கள். ஆனால் அவள் வீட்டுக்குள் வரக் கூடாது. குழந்தையைப் பின்கட்டு வழியாக மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிவருவார்கள். அவள் குளித்து, அவர்கள் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அங்கே காத்திருக்க வேண்டும். பால் உள்ளே போகலாம், பால் கொடுத்தவள் போகக் கூடாது. என்ன நியாயமோ! பூண்டும் கருவாடும் போட்டு வேளாவேளைக்குச் சோறு வந்ததாம். மலர்கொடியும் அதே வயதுதான். சின்ன துரை குடித்த மிச்சம் இருந்தால் அவளுக்கு.

"அவ மொகம் மறந்துபோச்சு நர்ஸம்மா," என்றாள். "கண்ண மூடிப் பாக்குறேன், வர மாட்டேங்குது. வேற யாரு புள்ள மொகமோ வருது."

சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் எழுதாமல் ரிஜிஸ்டரை மூடிவைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். சின்ன துரையைப் படம் எடுக்கத் திருச்சியிலிருந்து ஆள் வந்திருக்கிறார். குழந்தை யார் மடியிலும் நிற்காமல் வீல் வீலென்று கத்தியிருக்கிறது. கடைசியில் காத்தாயியைத் தோட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு கால் பட்டுத்துணியால் போர்த்தி, மடிமேல் குழந்தையை வைத்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குத் துணி போட்ட நாற்காலி என்றுதான் தோன்றும். துணிக்குள் மூச்சு முட்ட அவள் அசையாமல் இருந்திருக்கிறாள். மலர்கொடியைப் பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டி ஓரமாய்த் தரையில் விட்டிருந்தாளாம்.

"அவளும் படத்துல உழுந்திருப்பா இல்லீங்க? இது தொர புள்ள, இது கூலிக்காரி புள்ளன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமா?"

படம் பங்களாக் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் வாசற்படிவரை தண்ணீர் ஊற்றியவள், ஒரு நாளும் படியேறவில்லை. இப்போது யாரும் தடுப்பதில்லை. அவளாகவே ஏறுவதில்லை. யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "இல்லன்னு சொல்லிட்டா நான் என்னா பண்ணுவேன்?" என்றாள்.

வருஷத்தில் ஒரு நாள், காணும் பொங்கலுக்கு மட்டும், பங்களாவை ஊர் ஜனம் பார்க்கத் திறந்துவிடுவார்கள். எறையூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு, கரும்பைக் கடித்துக்கொண்டு வருவார்கள். காத்தாயி தெருக்காரர்களும் வருவார்கள். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு அத்தோடு திரும்பிவிடுவார்கள். எழுபத்தெட்டு காணும் பொங்கலன்று நான் மோட்டார் கொட்டகைக்கே போய், "கிளம்பு" என்றேன்.

"வேணாங்க. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"உன் பிள்ளை மொகம் எனக்கு எப்படித் தெரியும்? எந்திரி!"

கால் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். மூன்றாம் தடவை குழாய்ப் பக்கம் போனபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பங்களா கிட்டே வந்ததும் அவள் பாட்டுக்குப் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். மாட்டுக் கொட்டகை வழி. நான் அவளைத் திருப்பி முன்படியில் ஏற்றினேன்.

உள்ளே தரை ஜில்லென்றிருந்தது. வௌவால் நாற்றம். மான் தலை, ஆளுயரக் கண்ணாடி, கிளை கிளையாய்த் தொங்குகிற விளக்கு என்று ஜனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. காத்தாயி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் பிரம்பால் சுட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "இது சின்ன ஜமீன். கைக்குழந்தையா இருக்கறப்ப எடுத்தது. ஆள் புடிக்காமலே நாற்காலியில எப்படி உக்காந்திருக்காரு பாருங்க!"

"நாற்காலிக்கு முட்டி இருக்குமா மேனேஜர் சார்?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது.

படத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். உள்ளே குழந்தையும் பட்டுத்துணியும்தான். தொட்டியின் விளிம்புகூடத் தெரியவில்லை. காத்தாயி எக்கி எக்கிப் பார்த்தாள்.

"இல்லையே," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "படத்தைக் கழட்டுங்க சார். அட்டைக்குப் பின்னால பாக்கணும்."

"யாரைக் கேட்டுக் கழட்டுறது? மெட்ராஸுக்கு எழுதணும்."

"போன மாசம் உங்க மருமகளுக்கு வலி எடுத்தப்ப நான் யாருக்கு எழுதிட்டு வந்தேன்?"

கூட்டம் அடுத்த அறைக்குப் போகும்வரை பொறுத்திருந்து, அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கினார். மேல்துண்டால் தூசியைத் துடைத்தார். பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, பலகையை எடுத்து, படத்தை அட்டையிலிருந்து உருவினார்.

இடது ஓரத்தில் தொட்டி இருந்தது. தொட்டிக்கு முன்னால் தரையில் ஒரு குழந்தை. மண்ணில் ஊன்றிய ஒரு பாதம் மட்டும் ஐந்து விரலோடு தெளிவாய் இருந்தது. மேலே போகப்போக உருவம் கலங்கி, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு புகை. முகம் இல்லை.

"படம் புடிக்கிறப்ப அசைஞ்சிருச்சு," என்றார் மேனேஜர். அந்த மனுஷன் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

கூட்டிவந்தது என் தப்பு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். செடிகளோடாவது பேசிக்கொண்டு கிடந்தாளே, பாவி, அவளைக் கிளப்பிக்கொண்டு வந்து முகமே இல்லை என்று காட்டிவிட்டேனே!

காத்தாயி தரையில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அந்தப் பாதத்தையே பார்த்தாள். பிறகு விரலை அந்தப் புகைமேல் வைத்து, அது இழுபட்டிருந்த பக்கமாகவே மெதுவாய் நகர்த்தினாள். விரல் பட்டுத்துணியில் போய் நின்றது.

"எங்கிட்டத்தான் வந்திருக்கா நர்ஸம்மா," என்றாள். "நான் துணிக்குள்ள இருந்தேன். பாக்கல."