அதே பாலமா, வேறு பாலமா?

சாவகச்சேரி ஸ்டேசனில் யாழ்ப்பாணம் போகக் காத்து நின்றேன். ரெயில் கோச்சி முற்றாக நிற்பதற்கு முன்பே கார்ட் தலையை வெளியே நீட்டி என்னைத் தேடிப் பிடித்தார்.

"உம்மடை இளையதம்பி மோசம் போயிட்டார், காணும். விடியத் தேத்தண்ணிக்குக் கூப்பிட எழும்பேல்லையாம்."

சுன்னாகம் ஸ்டேசனில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்தவருடைய சாவு, ஸ்டேசன் ஸ்டேசனாகத் தந்தியில் வந்து, கொடிகாமத்தில் கார்டின் காதுக்கு எட்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு எடுத்த டிக்கெட்டோடு அதையும் தாண்டிச் சுன்னாகம் வரைக்கும் போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெட்டியில் ஒரு சண்டை நடந்திருக்கும்.

நாவற்குழிப் பாலத்தில் கோச்சி ஏறியதும் என் தலை தானாக யன்னலுக்கு வெளியே போயிற்று. அது அவருடைய பழக்கம். எட்டிப் பார்த்து, "பாலம் நிக்குது" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டுத்தான் தலையை உள்ளே எடுப்பார். அந்தப் பாலத்தின் பெயரால் நாங்கள் இருவரும் ஒருமுறை மறியற் சிறைக்குப் போகப் பார்த்தோம். அவரை அறிந்தவர்களில் பலர் அதை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுவதையும் சொல்கிறேன்.

இளையதம்பி அண்ணையை நீங்கள் டிக்கெட் யன்னலுக்குள்ளால் பார்த்திருப்பீர்கள். கோச்சி பிந்தினால் பயணம் போகிறவனைவிட அவருக்குத்தான் கோபம் வரும். நான் அறிந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பட்டணத்துப் படக் கொட்டகையில் என் பக்கத்தில் இருந்த மனிதரை. இங்கிலீஷ் ஒற்றர் படம் என்றால் அவருக்கு உயிர். அதில் பிழை பிடிப்பதென்றால் உயிருக்கும் மேலே. கோட்டோடு உள்ளே போன ஒற்றன் கோட்டில்லாமல் வெளியே வந்தால் போதும், என் தொடையில் ஓர் அடி விழும். "கோட்டு எங்கையடாப்பா?" என்பார். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். நான் எப்போதும் படத்தின் பக்கம்தான் கதைப்பேன். உள்ளே கழற்றி வைத்திருப்பான் என்பேன். அவரோடு உடனே ஒத்துப்போக எனக்கென்ன விசரா?

ஒரு படத்தில் ஒற்றன் ஆற்றை நீந்திக் கடந்து, கரையேறி, சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்துச் சிகரட் பற்றவைத்தான். "மெழுகுத்தாளிலை சுத்தி வைச்சிருப்பான்" என்றேன். அடுத்த ஞாயிறு அண்ணை என்னை அரியாலைக் கடற்கரைக்கு இழுத்துப் போனார். மெழுகுத்தாளில் சுற்றிய நெருப்புப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ சாகப் போகிறான் என்று கூச்சல் போட்டு ஓடிவந்தார்கள். கரையேறி ஒவ்வொரு குச்சியாக உரசினார். ஒன்றும் பற்றவில்லை. நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

"படம் எண்டால் பொய்தான், தம்பி. சொல்லட்டும். ஆனால் சொன்ன பொய்யை மறக்கக்கூடாது. நீந்தினவன் நனைஞ்சவன் எல்லோ?"

எங்களோடு மூன்றாவது ஆளாகக் குருநகர் பிலிப்பு வருவான். தோணி கட்டுகிற தச்சன்; இங்கிலீஷ் தெரியாது. அண்ணை அவன் காதுக்குள் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். வெள்ளைக்காரப் பெயர்கள் பிலிப்புவின் மனதில் நிற்பதில்லை. ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. படத்தில் எந்தத் தலைநகர் வந்தாலும் அது யாழ்ப்பாணக் கோட்டை. எல்லை, ஆனையிறவு. சேனாதிபதி, ஊர் அதிகாரியான மணியகாரர். பாலம் வந்தால் அது நாவற்குழிப் பாலம். ஒற்றனும் அவனுடைய கூட்டாளிகளும் நாங்கள் மூவர். படம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் தர்க்கம் நடக்கும்போது எல்லாம் இந்தப் பெயர்களில்தான் நடக்கும். ஊருக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும் என்பது அண்ணையின் கொள்கை.

கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான்காரன் குண்டு போட்ட காலம் வந்தது. ஆளை ஆள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். முன்பின் தெரியாதவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாலே ஒற்றன் என்றார்கள். எங்களுக்கு அது உறைக்கவில்லை. அந்த ஞாயிறும் படம் பார்த்துவிட்டு, கடையில் இருந்து, வழக்கம்போலச் சத்தமாகக் கதைத்தோம்.

"மணியகாரரைச் சுட்டுப்போட்டு நான் நாவற்குழிப் பாலத்துக்கு வெடி வைக்கிறன்" என்றார் அண்ணை. "மெயில் கோச்சி வர முதல் பாலம் விழவேணும். விழுந்தது. பேந்து நீர் எப்பிடிக் காணும் அதே பாலத்தாலை காரிலை வாறீர்?"

"அது வேறை பாலம் அண்ணை!" என்றேன்.

"வேறை பாலம் எங்கையிருந்து வந்தது? உம்மடை சீதனத்திலையோ?"

பிலிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்தவர் தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணையை டிக்கெட் யன்னலிலிருந்தும், என்னை நான் வேலை செய்த அச்சுக்கூடத்திலிருந்தும் பொலிஸார் கொண்டுபோனார்கள். பிலிப்பு விடியமுன்னமே தோணி திருத்த நெடுந்தீவுக்குப் போயிருந்தான். ஓடி ஒளிந்துவிட்டான் என்று முடிவுகட்டினார்கள். கோச்சி நேரம் முழுதும் தெரிந்த ரெயில்வேக்காரன், பாலம், வெடி, மணியகாரர். யுத்தச் சட்டத்தில் எங்களை விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்க இது போதும்.

இன்ஸ்பெக்டர் உடுப்பிட்டிப் பக்கத்து மனிதர், குரலை உயர்த்தாதவர். அதனால் இன்னும் பயமாக இருந்தது. எங்களை வெவ்வேறு அறையில் வைத்து விசாரித்துவிட்டு, ஒன்றாக நிறுத்தினார்.

"படக்கதைதான் கதைச்சனாங்கள் எண்டு ரெண்டுபேரும் சொல்லுறியள். நானும் உந்தப் படம் பார்த்தனான். வேலையாலை இடைவேளைக்குப் பிறகுதான் போனனான். கடைசியிலை பாலம் முழுசாய் நிண்டது, கார் அதிலை போனது. எந்தப் பாலம் விழுந்தது? இவர் ஒரு பாலம் எண்டுறார். நீர் ரெண்டு பாலம் எண்டுறீர்."

எனக்கு அழுகை வந்தது. எங்கள் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது. அண்ணை மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, கூடிப் பேசிவைச்ச பொய்யெண்டால் ரெண்டுபேரும் ஒண்டைத்தானே சொல்லியிருப்பம்?"

"கெட்டிக்காரர் அப்பிடியும் பேசிவைப்பினம்."

"அப்ப படத்தைப் போட்டுப் பாருங்கோ. இண்டைக்கு மெயிலிலை படப்பெட்டி கொழும்புக்குத் திரும்பிப் போகுது. போனால் எங்களுக்கு வேறை சாட்சி இல்லை."

இன்ஸ்பெக்டர் கதிரையை விட்டு எழுந்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

வெறும் கொட்டகை. கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். இரண்டு பொலிஸாருக்கு நடுவில் நாங்கள். படம் ஓட்டுகிறவர் ரீலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "ஐயா, இந்த ரீல் நேற்றுப் பின்னேரம் அறுந்தது. கொஞ்சத்தை வெட்டிப்போட்டுத்தான் ஒட்டினனான்" என்றார். எவ்வளவு வெட்டினார், எதை வெட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. நான் நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன்.

படம் ஓடியது. ஒற்றனின் லொறி பாலத்தில் ஒரு விளக்குக் கம்பத்தோடு மோதியது. ஒற்றன் இறங்கித் திரிக்கு நெருப்பு வைத்தான். திரி எரிந்துகொண்டு போனது. திரையில் ஒரு வெட்டு விழுந்தது. வெடித்த இடம் இல்லை. அடுத்த கணம், புகைக்கு நடுவே பாலம் ஆற்றுக்குள் குப்புறக் கிடந்தது.

"சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "பாலம் விழுந்திருக்கு." கடைசி ரீலையும் போடச் சொன்னார். கார் பாலத்தில் ஓடியது. "உது வேறை பாலம். ரெண்டு பாலம் எண்ட இவர் சொன்னதுதான் சரி. அவ்வளவுதானே? நீங்கள் போகலாம்."

எனக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. எழுந்தேன். அண்ணை எழவில்லை.

"இல்லை, ஐயா. அதே பாலம்."

அவர் காலை மிதித்தேன். கையைக் கிள்ளினேன். அசையவில்லை. "லொறி மோதின விளக்குக் கம்பத்தைப் பாருங்கோ. விளக்குத் தொங்கிற கை ஒடிஞ்சது. விழுந்த பாலத்திலையும் அதே ஒடிஞ்ச விளக்குக் கிடக்கு. கடைசியிலை கார் போகேக்கையும் அந்தக் கை ஒடிஞ்சபடி நிக்குது. பாலம் விழ முதலே காரைப் படம் பிடிச்சுக் கடைசியிலை ஒட்டியிருக்கிறாங்கள். திருப்பிப் போடச் சொல்லுங்கோ."

பொலிஸாரில் ஒருவர் என் பக்கத்தில் நெருங்கி நின்றார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, ரீல் திரும்ப ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டருடைய முகத்தைத்தான் பார்த்தேன். ரீல் முடிந்தது. அவர் மெல்லச் சொன்னார்:

"ஓம். அதே பாலம்தான்." அண்ணை பக்கம் திரும்பினார். "ஏன் காணும் உமக்கு இந்த வாய்? நான் விடுறன் எண்டு சொன்ன பிறகும்?"

"விடுறதெண்டால் உண்மைக்கு விடுங்கோ, ஐயா. பிழையான கதையிலை வெளியிலை வந்தால், நாளைக்கு ஆரும் அதிலை ஓட்டை பிடிப்பான். பேந்தும் பிடிச்சு அடைப்பியள்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "போங்கோ. இனி நாவற்குழிப் பாலத்தை விட்டிடுங்கோ. வெள்ளைக்காரன்ரை பாலத்தை வெள்ளைக்காரன்ரை பேரிலையே உடையுங்கோ" என்றார்.

வெளியே அண்ணையின் மனைவி பொன்னம்மா அக்கா சாப்பாட்டுப் பொதியோடு வெயிலில் நின்றார். பொலிஸ் ஸ்டேசனில் விசாரித்து அங்கே ஓடிவந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. "விட்டிட்டாங்களோ?" என்றார். அண்ணை அதற்குப் பதில் சொல்லாமல், "அதே பாலமெண்டு இன்ஸ்பெக்டரே ஒத்துக்கொண்டிட்டாரப்பா!" என்றார். அக்கா பொதியை என் கையில் தந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கென்றால் எந்தப் பாலத்திலும் ஒடியும் என்றேன். அன்றிலிருந்து அவர் கண்மூடும் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சண்டை நடந்தது. சண்டைக்கென்றே சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரிக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எந்தப் பாலம்?" என்று கேட்பார். "வேறை பாலம்" என்பேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. அவர் வராத ஞாயிறு எனக்குச் சோறு இறங்காது. அதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

செத்த வீட்டில் பிலிப்பு எனக்கு முன்பே வந்து, வாசல் படலையடியில் குழந்தைபோல அழுதுகொண்டிருந்தான். உள்ளே அண்ணையைக் கிடத்தியிருந்தார்கள். பொன்னம்மா அக்கா என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் கூப்பிட்டுப் பார்த்திட்டன், எழும்பிறாரில்லை. நீ உந்தப் பாலத்தைச் சொல்லு. அதுக்கெண்டாலும் எழும்புவார்."

சுற்றி இருந்தவர்கள் அவரைப் பிடித்து இருத்தப் பார்த்தார்கள். நான் குனிந்து அண்ணையின் காதுக்குள் சொன்னேன்: "வேறை பாலம், அண்ணை."

காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சண்டை ஒன்றுதான். அதை நான் விடப்போவதில்லை. ஆனால் சண்டைக்கு இரண்டு பக்கம் வேண்டும். ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பக்கத்தையும் நானே கதைக்க வேண்டியிருக்கிறது. லொறி மோதிய விளக்கின் கை ஒடிந்திருந்தது. கடைசியில் கார் போகும்போதும் அது ஒடிந்தபடியே நின்றது. அதே பாலம்தான், அண்ணை.