வெந்நீர்த் தொட்டியில் எண்ணெய் வந்த வழி

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே, காற்றடித்து உப்பவைத்த ரப்பர் வெந்நீர்த் தொட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருவான வலியசாலையில் வேறு யாராவது இப்படி ஒரு சாமானை வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், தன் அம்மாவின் முழங்காலுக்காக வாங்கி அனுப்பியது. டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். தினமும் அரைமணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் காலை மடக்கி நீட்ட வேண்டும். அதற்குள் மூட்டு வழிக்கு வராவிட்டால் ஆபரேஷன். என் மனைவி ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குத் திரும்பிவிடுவாள். அவளுடைய அக்கா ஆபரேஷனுக்கு என்று போய்த் திரும்பி வராதவள்.

தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என்னை விட்டால் வேறு யார்? முப்பது வருஷம் அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஊரார் கிணற்றையெல்லாம் குப்பியில் பிடித்துக் குற்றம் சொன்னவன். எங்கள் கிணற்றில் இரும்பு ஜாஸ்தி, குளோரின் போட்டால் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிடும் என்று தெரிந்து, குழாய்த் தண்ணீரையே நிரப்பினேன். காலையும் மாலையும் சோதனைக் காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பேன். வடிகட்டியைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்துக் கழுவுவேன். குளிக்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டேன்.

இறங்குகிறவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். எனக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. மெஷின் காட்டும் சூட்டை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான். உடம்பில் பட்டால்தான் எனக்குத் திருப்தி. அப்படிச் சூடு பார்க்க இறங்கியவன், அவளுடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பழகிவிட்டேன்.

பத்தாம் நாள் தண்ணீர் மங்கியது. ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. குமிழி விடும் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தேய்த்த தண்ணீர் மாதிரி நுரை. எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பினேன். எங்கள் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். நிரம்பிச் சூடேறுவதற்குள் நாலு நாள் ஓடிவிடும். எட்டே நாளில் மறுபடி அதே கோடு. இப்படி மூன்று தடவை. பன்னிரண்டு நாள் பயிற்சி போயிற்று. “டாக்டர் ஒரு நாள்கூட விடப்படாதுன்னார்” என்று அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னதும் நான் காலண்டரில் மிச்ச நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கவலையோடு ஒரு குறுகுறுப்பும் சேர்ந்துகொண்டது. என்னை ஏமாற்றுகிற தண்ணீரா? தொட்டியின் ரப்பரே எதையாவது கக்குகிறதோ என்று, ஒட்டுப் போடத் தொட்டியோடு கொடுத்திருந்த ரப்பர்த் துண்டை வாளியில் ஊறவைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேலே நிற்கும் மாமரத்திலிருந்து பூ உதிர்கிறதோ? மூடி போட்டல்லவா வைத்திருக்கிறேன்! காக்காயை இரண்டு நாள் உளவு பார்த்தேன். பாவம், அது அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் வடிகட்டியைப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அசையாமல் வைத்தேன். மேலே மினுமினுவென்று ஒரு படலம் கட்டியது. எண்ணெய்!

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த வீட்டு மாமி முறுக்கும் சீடையும் பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். அவளுடைய அடுப்புப் புகை எங்கள் கொல்லையில்தான் வந்து இறங்கும். வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போய்க் கூப்பிட்டேன்.

“மாமி, இதைச் செத்த பாருங்கோ! உங்காத்து எண்ணெய்ப் புகை எங்க தண்ணியை என்ன பண்ணி வெச்சிருக்குன்னு.”

மாமி கரண்டியோடு வந்தாள். வடிகட்டியை வாங்கி முகர்ந்தாள். “இது தேங்காய் எண்ணெயாக்கும். நான் பொரிக்கறது பாமாயிலிலே. தேங்காய் எண்ணெய்னு சொல்லித்தான் விக்கறேன், கடைக்காரன் காதுல போட்டுடாதேங்கோ, கேட்டேளா?” மறுபடி முகர்ந்தாள். “வெட்டிவேர் மணக்கறதே. இது உங்க தலை வாசனையில்லையோ?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரிசலாங்கண்ணியும் வெட்டிவேரும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தினமும் காலையில் தலை முதல் கால்வரை தேய்த்து ஊறி, பத்து வாளி தண்ணீர் கொட்டிக் குளிப்பவன் நான். சோப்புப் போட மாட்டேன். சோப்புப் போட்டால் எண்ணெய் தேய்த்ததற்கு என்ன பலன்? மனைவி எப்போதோ ஷாம்புவுக்கு மாறிவிட்டாள். எண்ணெய் அழுக்கு என்று இந்த ஊரில் எவன் நினைப்பான்? குளித்து வந்த உடம்பு மினுங்கினால்தானே குளித்ததற்கு அர்த்தம்! ஊரார் கிணற்றையெல்லாம் சோதித்தவன் சொந்தத் தலையைச் சோதிக்கவில்லை.

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். மொதல் நாளே பார்த்தேன். நீங்க இறங்கினதும் தோள்லேர்ந்து வட்டமாப் பரவித்து.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “தெரிஞ்சுண்டா வாயை மூடிண்டிருந்தே? பன்னெண்டு நாள் போச்சேடீ! கத்தி வெக்கப் போறது உன் கால்ல, என் கால்ல இல்லை!”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேள்? ‘நான் இறங்கறதாலதானே கெடறது’ன்னு நீங்க தொட்டியை விட்டு வெளியில போயிருப்பேள். காயிதத்தைப் பிடிச்சுண்டு நின்னு எனக்கு எண்ணிச் சொல்லிண்டிருப்பேள்.” இப்போதுதான் என்னைப் பார்த்தாள். “தனியா காலை மடக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க குதிகாலைப் பிடிச்சுண்டாத்தான் மடங்கறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, அரைமணி நேரம் எழுந்து போகாம என் எதிர்ல எப்பவாவது உக்காந்திருக்கேளா?”

அவள் சொன்னது நிஜம்.

மறுநாள் பயத்தமாவு போட்டு இரண்டு தடவை தேய்த்துக் குளித்தேன். உடம்பு வறவறவென்று இருந்தது, பிடிக்கவேயில்லை. அப்படியே இறங்கி அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்க் குளியலை ராத்திரிக்கு மாற்றினேன், காலையில் பயத்தமாவு. அதற்கப்புறம் வடிகட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. மிச்சமிருந்த நாட்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தவணை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவள் முழங்காலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். “இப்போ ஆபரேஷன் வேண்டா. இதுதன்னே தொடரட்டே” என்றார் மலையாளத்தில். தொட்டிப் பயிற்சியையே தொடர்ந்தால் போதுமாம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

திரும்பி வரும்போது கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நகரவில்லை. கத்திக்கு இவ்வளவு நடுங்குகிறவள், நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டுமென்று பன்னிரண்டு நாளை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

“மொதல் நாளே நீ சொல்லியிருந்தா, நான் நிஜமாவே வெளியில போயிருப்பேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள்.