ஐஸில் போன துண்டு

எனக்கு எழுத்துச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். முன்பின்னாக எழுதியிருப்பேன், சிலதை மறந்தும் இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்பில் கட்டி வந்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிற ஒருத்தியாவது வாசிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

அது சண்டைக்காலம். கடற்கரை ஊரான இறக்கக்கண்டியில் தனியாக இருந்தேன். அவரைக் கடல் கொண்டுபோய்க் கனகாலம், பிள்ளைகள் இல்லை. ஒருநாள் கருவாடு புரட்டக் குனிந்தபோது இடப்பக்கத்தில் புளியங்கொட்டை போல ஒன்று தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாததை எப்படி ஒரு ஆண் டொக்டரிடம் காட்டுவது? தோல், தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் போலக் குழிவிழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

மார்பை எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டை மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு, கொழும்பில் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார்கள். டொக்டர் கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு இருந்து சொன்னார்.

"அம்மா, எல்லாப் புற்றுநோயும் ஒண்டில்லை. உங்கட கட்டி வேகமா வளர்ந்தது. அதில சில அடையாளங்கள் இருக்கோ இல்லையோ எண்டு பாத்தாத்தான், திரும்ப வருமோ, எந்த மருந்துக்கு அடங்குமோ எண்டு ஓரளவு சொல்லலாம்."

ஹோர்மோன் வாங்கி (பெண்களின் உடலில் ஊறும் சுரப்பைப் பிடித்துக்கொள்ளும் இடம்) இருந்தால் விழுங்குகிற குளிசைக்கு அடங்குமாம். ஹேர்-டூ (கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம்) கூடியிருந்தால் அதற்கு வேறு மருந்தாம். இரண்டும் இல்லாவிட்டால் ஊசி மருந்து மட்டும்தான். அதுதான் பொல்லாத வகை என்றார்.

போத்தலைக் கொண்டுபோனவன் என் தம்பி. மீன் லொறியில் கொழும்புக்குப் போய்வருகிறவன். திரும்பி வந்து சிரித்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, சென்றியில ஆமிக்காரன் மறிச்சு மீன்பெட்டியைக் கிண்டி, போத்திலைத் தூக்கிப் பாத்திட்டு, இது என்ன மீன் எண்டு கேட்டான். எங்கட அக்கா எண்டு சொன்னனான்."

"விசரா! மீன்பெட்டிக்கையோ வச்சுக் கொண்டுபோனனீ?"

"வேற எங்க வைக்கிறது? பாரை மீனுக்கு நடுவில, ஐஸ் போட்டு, உப்பும் தூவி வச்சனான். தசையெல்லோ, நாறிப்போகாதோ?"

நானும் சரி என்றுதான் நினைத்தேன். பழுதாகக்கூடாத எதையும் நாங்கள் அப்படித்தான் வைப்போம். உப்புப் போட்ட ஐஸ் எதையும் உறையவைத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். மருந்துத் தண்ணீரில் கிடக்கிற தசை உறையக்கூடாது என்பதுதான் தெரியாது. உங்களிடம் போத்தலைத் தந்தால், தந்தபடியே கொண்டுபோங்கள்.

"புற்றுநோய்தான், அது தெரியுது" என்றார் டொக்டர். "ஆனா உறைஞ்சு தசை குலைஞ்சுபோச்சாம். அடையாளம் இருக்கெண்டோ இல்லையெண்டோ நம்பிச் சொல்ல ஏலாதாம்."

"வேற துண்டு இல்லையோ ஐயா?"

"மிச்சத்தை எரிச்சாச்சு அம்மா. ஊசியும் போடுவம், குளிசையும் தருவம். பொறுத்திருந்துதான் பாக்கோணும்."

அதைக் கேட்டதிலிருந்து தம்பி என் முகம் பார்க்கவில்லை. மீனை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். "டேய், வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றால், "லொறி நிக்குது அக்கா" என்பான். எட்டிப் பார்த்தால் ஒழுங்கையில் லொறி இருக்காது.

ஊசி ஏற்ற வெளியூருக்குத் தனியே பஸ்ஸில் போனேன். தலைமயிர் கொட்டியது. தட்டையான பக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்திருந்தேன். சென்றியில் உடம்பைத் தடவிச் சோதித்த ஆமிப் பெண்ணின் கை அதில் நின்றது. "இது என்ன?"

"துணி, பிள்ளை. அங்க ஒண்டுமில்லை."

மறைப்புக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சட்டையைத் திறக்கச் சொன்னாள். தழும்பைக் கண்டதும் தானே கொக்கிகளைப் பூட்டிவிட்டாள். அந்த மாதங்களில் மருந்துக்காக இல்லாமல் என்னைப் பக்குவமாகத் தொட்ட கை அது ஒன்றுதான். அதன்பிறகு நான் துணி வைக்கவில்லை.

ஒருநாள் கொழும்புக்குப் போன லொறி திரும்பவில்லை. தம்பியும் வரவில்லை. எல்லா இடமும் கேட்டேன், ஒருவருக்கும் தெரியாது.

சில வருடம் கழித்து டொக்டர் சொன்னார்: "பொல்லாத வகை திரும்பிறதெண்டா கூடுதலா முதல் வருசங்களிலதான். நீங்கள் அதைத் தாண்டீட்டியள்."

"அப்ப அது எந்த வகை ஐயா?"

"இனி அது உங்களுக்குத் தேவையில்லை அம்மா."

ஓம், எனக்குத் தேவையில்லை. தம்பிக்குத்தான் தேவை.

இப்போது மழைக்கு முன் தழும்பு இழுக்கும். அந்தப் பக்கம் எனக்கு வெறுமையாகத் தெரிவதில்லை. ஏதோ ஒன்று பயணம் போயிருக்கிறது போல இருக்கும். விடிய எழும்பும்போது அந்தத் துண்டு இன்னும் பாரைக்கு நடுவில், தம்பியோடு கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மறுமொழி வரவில்லை. அதற்குள் நான் கிழவியாகிவிட்டேன்.

வாங்கி, புரதம் என்று நான் எழுதியதை யாராவது படித்த பிள்ளை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். தம்பியின் மேல் குற்றம் விழுகிற மாதிரி எங்கேயாவது எழுதியிருந்தால், அதையும் திருத்திவிடுங்கள்.