எட்டு எழுத்துக்கு மேல்

கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் மடியில் எங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் யூனிக்ஸின் கையேடு இருக்கும். கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு தலைவரைப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, அந்தப் பதவி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

முதலாளியோ லண்டனில் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை அதில் உட்கார வைத்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. என்னைவிட ஒன்பது வயது இளையவள். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் புது நாற்காலி வந்தது. என் நாற்காலியின் கைப்பிடியில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. வயிறு எரிந்தது, வேறு மாதிரி சொல்ல விருப்பமில்லை.

வந்த முதல் வாரமே அவள் பாஸ்வர்டைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை எங்கள் ஆட்கள் பிள்ளை பெயர், கார் நம்பர் என்று நாலைந்து எழுத்தில் வைத்திருந்தார்கள். இனி குறைந்தது பன்னிரண்டு எழுத்து என்று வரம்பு வைத்தாள். இத்தனை நீளம் ஞாபகம் இருக்காது என்று எல்லாரும் முனகினார்கள்.

"சுலபம்லா. முதல்ல உங்க பிரிவு பேர மலாய்ல முழுசா போடுங்க. அப்புறம் உங்க ரகசியச் சொல்லு" என்றாள். கப்பல் பிரிவுக்கு 'பெர்கப்பாலான்', எனக்கும் அவளுக்கும் 'கொம்பியூத்தர்'.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாஸ்வர்டை அந்த இயந்திரம் அப்படியே வைத்துக்கொள்ளாது. மில்லில் மாவாக்குவதுபோல அரைத்துத்தான் சேமிக்கும். மாவிலிருந்து யாரும் அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் எங்களிடம் இருந்த பழைய யூனிக்ஸ் முதல் எட்டு எழுத்தை மட்டுமே அரைத்து ஒப்பிடும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். கையேட்டில் ஒரே ஒரு வரி அது. மலாயை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமியில் கப்பல் பிரிவின் பெயர் பத்து எழுத்து, எங்களுடையது சரியாக எட்டு. ஆக, யாருடைய ரகசியச் சொல்லும் உள்ளேயே போகவில்லை. ஒரு பிரிவில் எல்லாருக்கும் ஒரே சாவி.

அன்று மாலையே அவள் கணக்கில் பிரிவுப் பெயரை மட்டும் தட்டிப் பார்த்தேன். திறந்துகொண்டது. உடனே வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் முதலாளி முன்னால் தன் வேலையை விளக்குவாளே, அதற்காகக் காத்திருந்தேன். அவ்வளவு நாளும் அவள் கடையில் எனக்கும் சேர்த்துத் தபாவ் பொட்டலமாக வாங்கிவந்த மீ கோரெங்கைக் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

அந்த நாள் வந்தது. அவள் பேசி முடித்ததும், "ஒரு நிமிஷம் பாஸ்" என்று எழுந்து, அவள் கணக்கை எட்டே எழுத்தில் திறந்து காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. எனக்கு இனித்தது. முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்ப கண்டுபிடிச்சீங்க?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அவளைவிட நான் முந்தியவன் என்று காட்டும் ஆசை விடவில்லை.

"இவங்க ரூல் போட்ட அன்னைக்கே பாஸ். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப மூணு மாசமா நம்ம ஆபிஸ் கதவு திறந்து கெடந்துச்சு. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க" என்றார். குரல் உயரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் பிரிவுப் பெயரை எடுக்கச் சொல்லி, எல்லாரையும் புது பாஸ்வர்டு வைக்கவைத்தாள். பதவி அவளுக்கே நிரந்தரமானது. வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேசையருகே நின்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன் அண்ணே. அந்தக் கையேட்ட ரெண்டு நாளைக்குத் தர்றீங்களா? நானும் படிக்கணும்."

கொடுத்தேன். அப்படிக் கேட்க எனக்கு வந்திருக்காது என்பதுதான், அந்த நாற்காலியைவிட அதிகமாக, இன்றும் என்னை எரிக்கிறது.