தவறணைச் சுவரில் ஒரு கதவு

பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். ரொறொன்ரோவில் பழைய வீடுகளின் சுவரை உடைத்துத் திருத்துவதுதான் என் தொழில், எத்தனையோ பேஸ்மென்டுகளில் தன்னந்தனியாக நின்று வேலை செய்திருக்கிறேன், எலியைத் தவிர ஒன்றும் என்னை வெருட்டியதில்லை. சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடியுங்கள், பிறகு கேளுங்கள்.

அன்று பெரிய வெள்ளிக்கிழமை. எனக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறேன். ஆனால் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கன், பெரிய வெள்ளியில் ஒருசந்தி பிடிக்காமல் விட்டதேயில்லை. அதனால் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒரு வாயும் சாப்பிடாமல் கோயிலுக்கு வெளிக்கிட்டேன். முழங்கால் வருத்தத்தோடு வீட்டில் நின்ற மனைவி ஜெசிந்தா வாசலில் மறித்தாள்.

"ஊசியும் போட்டிட்டுப் பட்டினியும் கிடந்தால் என்னப்பா நடக்கும்? ஒரு துண்டு பாணாவது கடியுங்கோ."

"யேசு சிலுவையில தொங்கேக்க நான் பாண் கடிக்கிறதோ? சும்மா இரும்."

வழிபாடு முடிந்து வெளியே வந்தால் மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வீடு கிட்டத்தானே என்று யூனியன்வில் பழைய மெயின் ஸ்ட்ரீட்டால் நடந்தேன். சீனி இறங்கினால் போனில் கத்துகிற கருவி கையில் ஒட்டியிருக்கிறது, ஆனால் கோயிலுக்குள் நிறுத்திய போனைத் திரும்பப் போட மறந்துவிட்டேன், பிறகு அது எப்படிக் கத்தும்? பாதி வழியில் கால் சோர்ந்தது. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வேர்த்தது. குதிரை வண்டிக் காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாக இருந்து இப்போது பப், எங்கள் ஊர்ப் பேச்சில் தவறணை, ஆகிவிட்ட பழைய செங்கல் கட்டடம் ஒன்று அங்கே உண்டு, அதன் பக்கச் சந்துக்குள் ஒதுங்கிச் சுவரில் கையை ஊன்றினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஒருவரும் இல்லை, விழுந்தால் விழுந்ததுதான் என்று தெரிந்தது.

அப்போது என் கைக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. மாவு படிந்த கையைத் துடைத்தபடி ஒரு வெள்ளைக்கார மனுசி நின்றாள், உள்ளே வா என்றாள். அந்த நிலையிலும் என் பிடிவாதத்தைப் பாருங்கள்.

"பெரிய வெள்ளியில தவறணைக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டன்," என்று முணுமுணுத்தேன்.

"இது தவறணை இல்லை, குசினி. இங்கே ஒருவரும் குடிப்பதில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே இருத்தினாள்.

விறகு அடுப்பு, கல் தரை, வெங்காய மணம். ஒரு தகரக் கோப்பையில் ஏதோ சுடச்சுடத் தந்தாள், பனங்கட்டி கரைத்த தண்ணீர் மாதிரி நல்ல இனிப்பு. ஒருசந்தி முறிகிறதே என்று ஒரு நொடி யோசித்தேன், பிறகு கடகடவென்று குடித்தேன். உயிர் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுப் பழக்கத்தில் எழும்பி, வாளித் தண்ணீரில் கோப்பையைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இங்கே சாப்பிட வந்த ஒருவனும் இதுவரை கோப்பை கழுவியதில்லை," என்றாள். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன், நல்ல தெம்பாகவே நடந்தேன்.

வீட்டில் போனைப் போட்டதும், நர்சாக வேலை செய்யும் மகள் அதில் வந்த சீனி அளவுக் கோட்டைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அப்பா, you could have died! உங்களுக்கு ஆர் சீனி தந்தது?" கோடு கிணற்றில் விழுந்ததுபோல இறங்கி, சட்டென்று ஏறியிருந்தது.

மறுநாள் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். சந்தில் கதவே இல்லை. சுவர் மட்டும், கீழே தேய்ந்த ஒரு வாசற்படிக் கல். பப்பில் நின்ற பெண், விடுதிக் காலத்துக் குசினி வாசல் அது, தான் பிறக்க முந்தியே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்றாள். உள்ளேயும் காட்டினாள், பியர் பீப்பாக்கள் அடுக்கிய அறை. நான் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், சாந்தைச் சுரண்டியும் பார்த்தேன். பழைய வேலை, என் தொழிலில் அதில் பிழை விடமாட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. தவறணை என்று நான் சொன்னது தமிழில். அவளுக்கு அது எப்படி விளங்கியது?

விளங்காவிட்டால் போகட்டும். என் மகளின் பிள்ளையை மடியில் வைத்திருக்கக் கிடைத்தது அந்த ஒரு கோப்பையால்தான். இப்போது ஒருசந்தி நாளில் ஜெசிந்தா சொன்னபடி பாண் கடிக்கிறேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் வழிபாடு முடிய, ஒரு தகரக் கோப்பையில் இனிப்பான பிளேன்ரீ ஊற்றி அந்தக் கல்லில் வைத்து, அவளுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு வருவேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கோப்பை எப்படி வைத்தேனோ அப்படியே, தேத்தண்ணீர் ஆறிப்போய் இருக்கும்.

போன பெரிய வெள்ளி ஜெசிந்தாவும் வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு, பப் முன்வாசலில் நின்ற அந்தப் பெண்ணோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுச் சந்துக்குத் திரும்பினோம். கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஆரோ குடிச்சிட்டு வச்சிருப்பினம் அப்பா," என்றாள் ஜெசிந்தா.

"கழுவினதுக்குத் தண்ணி எங்காலையப்பா?"

நான் கோப்பையை எடுத்தேன். அந்தக் குளிரில், அது இன்னும் சூடாக இருந்தது.