சுவாவுக்குப் போன சாமியாடி

மேளச் சத்தம் காதில் விழுந்தால் போதும், தேவேந்திராவுக்குச் சாமி வந்துவிடும். இடம், பொருள், ஏவல் எதுவும் கிடையாது. ஒருமுறை மார்டின்டார் கடைத்தெருவில் யாரோ மாரியம்மன் கேசட்டைப் போட, தலையிலிருந்த கத்தரிக்காய்ப் பெட்டியோடு ஆட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நின்று கைதட்டினார்கள்.

சிகடோகா பள்ளத்தாக்கில் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறவர். தீவில் முதல் ராணுவக் கலகம் வந்து நம்மாட்கள் கிளம்ப ஆரம்பித்த வருஷம் இவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் பிளேன் ஏறினார். அந்த வருஷத் தீமிதியில்தான் இவருக்கு முதன்முதலாக அருள் வந்தது. அதற்குப் பிறகு கவுச்சி தொட்டதில்லை. தீயில் இறங்காத வருஷமும் இல்லை. இரண்டாயிரத்தில் மறுபடி கலகம் வந்ததும் மகள் அக்ஷயாவும் அங்கேயே போனாள். கொஞ்ச வருஷம் கழித்து அப்பா அம்மாவுக்கு விசா கேட்டு எழுதிப் போட்டாள். குத்தகையும் முடிகிற நேரம். விசா வராவிட்டால் இவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாளவிகா டாக்டர் வந்தார். மதுரைக்காரர், மனநல மருத்துவர். உள்ளூர் டாக்டர்கள் பாதிப்பேர் ஊரை விட்டுப் போன பின் வந்தவர்களில் ஒருவர். தீமிதியை வீடியோ எடுத்திருந்தார். தலைநகர் சுவாவில் பல்கலைக்கழகத்தில் மூளையையும் மனசையும் பற்றி ஆராய்ச்சிக் கருத்தரங்கு, நீங்களும் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டார். மறுத்துப் பேசத் தெரியாத மனுஷர் தலையாட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே மனைவி கல்யாணி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார், திருநெல்வேலியிலிருந்து வந்தவன். மூளை விஷயமும் எனக்குத் தெரியும் என்று அவள் எப்படி நினைத்தாளோ.

"வாத்தியாரே, பெரிய பெரிய டாக்டருங்க முன்னால இவுரு ஆடிட்டா, பாகல்னு, பைத்தியம்னு எழுதிருவாங்க. பாகலுக்கு எவன் வீசா குடுப்பான்? நீங்க கூடப் போங்க."

போனேன். வழியில் பஸ் நாவுவாவில் நின்றபோது தேவேந்திரா இறங்கினார். கோழிக்கறி ரொட்டியோடு திரும்பி வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, என்ன இது?"

"கவுச்சி தின்ன ஒடம்புல அம்மா வர மாட்டா." கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பது போல விழுங்கினார். "இன்னிக்கி ஒரு நாளு வராம இருந்தா போதும்."

கருத்தரங்கில் எங்கள் கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிவிட்டார்கள். டீ குடிக்கும்போது ஒரு பேராசிரியர், எந்தப் பல்கலைக்கழகம் என்று தேவேந்திராவைக் கேட்டார். "சிகடோகா" என்றார் இவர். அவர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார். உள்ளே, திரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு மூளைப் படம் ஓடியது.

"அது யாரு தலை, வாத்தியாரே?"

எனக்கும் தெரியவில்லை. என்னவோ தெரிந்தவன் போல நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாளவிகா டாக்டர் மேடை ஏறி வீடியோவைப் போட்டார். மேளம் அதிர்ந்தது. மஞ்சள் வேட்டியும் கன்னத்தில் அலகுமாகத் திரையில் ஒரு தேவேந்திரா ஆடினார். நாற்காலியில் இருந்தவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பேச்சை முடித்தார். இவருக்கு எந்த நோயும் இல்லை, சாமி வருவதை நோய் என்று எழுதுவது நம் அறியாமை, இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் தேவேந்திரா அவரை மறித்தார். "டாக்டரம்மா, அம்மா வந்து நான் ஆடியிருந்தா?"

"ஆடியிருந்தாலும் இதையேதான் ஐயா சொல்லியிருப்பேன்."

"வீசா?"

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன கோழி ரொட்டி! தேவேந்திரா சிரிக்கவில்லை. சிகடோகா வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

விசா வந்தது. கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தீமிதி. ஒரு குறையும் வைக்காமல் விரதம் இருந்தார். ஆற்றில் முழுகி, மஞ்சள் வேட்டி கட்டி, கரையில் நின்றார். மேளம் தொடங்கியது. கூட விரதம் இருந்த ரவீந்திராவுக்கு வந்தது, பாப்பம்மாவுக்கு வந்தது. இவருக்கு வரவில்லை. மேளக்காரர் காதருகே வந்து அடித்துப் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

கோழி தின்றதாலா, நோயில்லை என்று டாக்டர் சொன்னதாலா, ஊரை விட்டுப் போகப்போவதாலா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்படி நின்ற தேவேந்திராவைப் பார்க்க அன்று எனக்கு அழுகை வந்தது.

மற்றவர்கள் ஆடிக்கொண்டே தீக்குழிப் பக்கம் போனார்கள். தேவேந்திரா ஈர வேட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் போனான், மவ போனா. எல்லாரும் ஏர்போட்டுல கட்டிப்புடிச்சி அழுதுட்டுத்தான் போனாங்க, வாத்தியாரே. இந்த மாரியம்மா மட்டும் சொல்லாம போயிட்டா."