யாரும் படிக்க முடியாத என் கட்டுரை

என் கட்டுரை வெளியானதை இணையத்தில் பார்த்தேன். படிக்கத்தான் முடியவில்லை. தலைப்பும் சுருக்கமும் இருந்தன. அதற்குக் கீழே, மீதியைப் படிக்க டாலரில் பணம் கட்டச் சொன்னது திரை. நான் எழுதியதை நானே விலை கொடுத்து வாங்க வேண்டுமாம். கோயம்புத்தூரில் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, இட்லி வேகும்வரை அந்தப் பதிப்பகத்தைத் திட்டித் தீர்த்தேன்.

நான் கல்லூரியில் மொழியியல் நடத்துகிறேன். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் குடோனில் வேலை செய்யும் பெண்கள் பேசிக்கொள்ளும் சைகைகளைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. தறி ஓடும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. நூல் அறுந்தது, டீ வந்தது, மழை வருகிறது, எல்லாவற்றுக்கும் கையும் முகமும்தான். ஓனர் வருகிறார் என்பதற்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிடுவது போல ஒரு சைகை. அதை முதலில் பார்த்தபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அங்கே என் நச்சரிப்பைப் பொறுத்துக்கொண்டு பதில் சொன்னவர் ஓர் அக்கா. கட்டுரை வெளிவந்த சில நாளில் அவரே போன் செய்தார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம கட்டுரை வந்துருச்சாமா? எம்பட புள்ள தேடிப் பாத்தா, காசு கேக்குதுங்களாமா.”

“நான் வாட்ஸ்அப்ல அனுப்பிடறேங்க்கா.”

“எனக்கு அனுப்பறது வேண்டாமுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி போட முடியாதுங்களா?”

ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். யாராவது சும்மா என்று சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. கையில் கொடுத்தால் வேண்டாம், உலகத்துக்கே கொடு என்று ஒருவர் எதற்காகக் கேட்பார்? மகளுக்கு வரன் பார்க்கிறார்களோ? சொந்தக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்படவோ? எதுவும் பொருந்தி வரவில்லை.

எங்கள் கல்லூரி நூலகரிடம் போனேன். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்த ஒப்பந்தத்தை அவர் நிதானமாகப் படித்தார். பதிப்பகத்திடமே திறந்துவிடச் சொன்னால் அவர்கள் கேட்கும் கட்டணத்துக்கு நான் எங்கே போவேன். அவர்கள் அச்சுக்குக் கோத்த பக்கங்களையும் தொடக்கூடாது. ஆனால் என் கணினியில் இருக்கும் பிரதியைக் கல்லூரி இணையக் களஞ்சியத்தில் எல்லோருக்குமாக வைக்கலாம். முதலில் அனுப்பியதை வைப்பதா, பதிப்பகம் படித்துப் பார்க்கச் சொன்ன மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்குப் பிறகு திருத்தியதை வைப்பதா, அது என் இஷ்டம். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அப்புறம்தான் ஓனர் சைகை நினைவுக்கு வந்து திக்கென்றது. கட்டுரை பூட்டிக் கிடந்தவரைக்கும் ஓனர் அதைப் பார்க்க வழியில்லை. திறந்துவிட்டால் அவர்கள் பிழைப்பில் நான் கை வைத்ததாகிவிடாதா? அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றபோது எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பிரதியிலும் ஓனர் சைகை இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அக்கா தூக்குப்போசியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த ஒதுங்கப் போற சைகை எதுலீங்க இருக்குது?”

அதுவும் இரண்டிலும் இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையால் பின்பக்கம் காட்டுவார்கள். ‘ஒதுங்கப் போகணும், துணைக்கு வா’ என்று அர்த்தம். ஆனால் இது மட்டும் ஏன் இத்தனை முறை வருகிறது, ஏன் இரண்டு பேராகவே போகிறார்கள் என்று ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். நான் அக்காவிடம் போனில் விசாரித்து எழுதினேன். குடோனில் கழிப்பறை இல்லை. பின்னால் இருக்கும் சோளக்காடுதான். பாம்பு பயம், வழியில் போகிற ஆண்கள் பயம். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்தி திருத்திய பிரதியில்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

“அப்ப அதையே போட்டுருங்க.”

“ஓனர் சைகை தெரிஞ்சுபோயிடுமேக்கா?”

“தெரிஞ்சா வேற வெச்சுக்கறோமுங்க.”

கழிப்பறை கட்டித்தரச் சொல்லி நீங்களே ஓனரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

“ஓனருகிட்டப் போயி அதை எப்பிடீங்க வாயில சொல்றது? நாங்களே கொண்டுபோயிக் குடுத்தாலும் கேட்ட மாதிரிதானுங்க. அதுவா அவரு கண்ணுல படோணும்.”

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை நூலகர் அதைக் களஞ்சியத்தில் ஏற்றினார். அக்காவின் மகள் சுட்டியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஓனரின் மகனும் அதில் இருந்தான். அந்த வாரமே ஓனர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், காலரத் தூக்கிவுட்டா நானுங்களா?” சிரித்தார். கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு. பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. “அந்தச் சோளக்காட்டு விசயம், பையன் படிச்சுச் சொன்னானுங்க. எனக்குத் தோணவே இல்லீங்க. இதை ஆரு வேணாலும் படிப்பாங்களா?”

“யார் வேணும்னாலும்ங்க.”

“எடுத்துப்போட முடியுங்களா?”

“முடியும். ஆனா எடுக்க மாட்டேங்க.” இவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம்தான்.

“செரிங்க, ஒரு கக்கூசு கட்டிப்போட்டா அதையும் அதுல சேத்து எழுதுவீங்களா?” என்றார். வெளியான கட்டுரையில் இனி ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். “அப்பிடிங்களா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தீபாவளி கழித்து அங்கே போனபோது குடோனுக்குப் பின்னால் ஹாலோ பிளாக்கில் ஓர் அறை எழும்பியிருந்தது. இன்னும் பூசவில்லை. ஆனால் கதவு இருந்தது, உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பழக்க தோஷத்தில் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தறிக்காரியிடம் ஒரு சைகையும் காட்டாமல், தனியாக எழுந்து போய்விட்டு வந்தார்.